அட்லாண்டாவின் வரலாற்றை அதன் தெருக்களில் நடந்து படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அட்லாண்டாவுக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் நகர வரலாற்றுக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்குகிறார்கள். அந்த நாளிலும் நேராக மார்ட்டின் லூதர் கிங் பிறந்த வீட்டுக்குப் போய், வாசலில் படம் எடுத்துக்கொண்டு, பிற்பகலைக் கோகோ கோலா காட்சிக்கூடத்தில் கழித்துவிடுகிறார்கள். முதலில் வந்த உறவினர்களை நானும் அந்த வரிசையில்தான் அழைத்துப் போனேன். வீட்டைப் பார்த்த என் பெரியப்பா, "இவர் ஏன் இந்தத் தெருவில் பிறந்தார்? அப்படி என்ன இருந்தது இந்தத் தெருவில்?" என்று கேட்டார். அந்த வாசலில் நின்றபடி அதற்கு விடை சொல்ல முடியவில்லை, ஏனென்றால் விடை தொடங்கும் இடம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது.

அதன் பிறகு பலரை அழைத்துப் போய், வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்து வந்து சேர்ந்த முறை இது. இந்த நகரத்தில் பழைய கட்டடங்கள் குறைவு. ஆனால் அதைப் பிரித்த கோடுகள் அப்படியே இருக்கின்றன. இருப்புப்பாதை, கல்லறைத் தோட்டத்தின் உட்பிரிவுகள், நடுவே பாயும் விரைவுச்சாலை, தெருப்பெயர் மாறும் முனை ஆகியவற்றை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் வரலாறு தானாகப் பிடிபடும். மூன்று நாள் காலைப்பொழுது நடப்பதற்கும், ஒரு முழு நாள் காரில் சுற்றுவதற்கும் தேவைப்படும்.

1. புறப்படும் முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

முதல் வேலை, பழைய வரைபடம். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த அட்லாண்டா வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கும். இளஞ்சிவப்பு என்றால் செங்கல், மஞ்சள் என்றால் மரம். தென்மாநில நகரங்களின் தாள்களில், கறுப்பின மக்கள் வாழ்ந்த வீடுகளின் மேல் அதையும் எழுதி வைத்திருப்பார்கள். கிங் பிறந்த ஆபர்ன் அவென்யூவும் டெகேட்டர் தெருவும் வரும் தாள்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். இன்று வாகன நிறுத்தமாகக் கிடக்கும் இடத்தில் என்ன இருந்தது என்பதை அந்த இடத்திலேயே நின்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

இரண்டாவது, ரயிலில் வருவது. வடக்குப் புறநகர்களில் இருப்பவர்கள் நார்த் ஸ்பிரிங்ஸ் அல்லது டோராவில் நிலையத்தில் காரை விட்டுவிட்டு மார்ட்டா ரயிலில் நகர மையத்தின் ஃபைவ் பாயின்ட்ஸ் நிலையத்துக்கு வர வேண்டும். வாகனம் நிறுத்த இடம் தேடும் தொல்லை இல்லை என்பது ஒரு காரணம். ரயில் எங்கே முடிகிறது என்பதும் பாடம் என்பது அதைவிடப் பெரிய காரணம். 1965-இல் காப் வட்டமும் (கவுண்டி), 1971-இல் கிளேட்டன், குவினெட் வட்டங்களும் வாக்கெடுப்பில் இந்த ரயிலை வேண்டாம் என்றன. நகரத்திலிருந்து கறுப்பின மக்கள் தங்கள் பகுதிக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் அந்த மறுப்பில் பெரும் பங்கு வகித்தது. கிளேட்டன் 2014-இல்தான் இணைந்தது.

மூன்றாவது, திறந்திருக்கும் நாள்களைச் சரிபார்ப்பது. கிங் பிறந்த வீடு சீரமைப்புக்காக 2023 நவம்பரில் மூடப்பட்டது. உள்ளே போக முடியுமா என்பதைத் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பார்த்துவிட்டே நாளைக் குறியுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கத்தில் இந்த நடை முடியாது. ஜனவரி மூன்றாம் திங்கள்கிழமை கிங் நினைவு விடுமுறை என்பதால், கிங் ஊழியம் செய்த எபனேசர் தேவாலயத்தைச் சுற்றி நிற்கக்கூட இடம் இருக்காது. அக்டோபர், நவம்பர் மாதங்களே சிறந்தவை.

2. முதல் நாள்: ஃபைவ் பாயின்ட்ஸில் தரையைப் பார்ப்பது

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எந்தக் கட்டடத்தையும் தேடிப் போகாதீர்கள். முதலில் காலுக்குக் கீழே இருப்பதைக் கவனியுங்கள். இந்த நகரம் ஆற்றங்கரையிலோ கடற்கரையிலோ பிறக்கவில்லை. 1837-இல் மேற்கு அட்லாண்டிக் இருப்புப்பாதையின் முடிவிடத்தைக் குறிக்க ஒரு முளை அடிக்கப்பட்டது. அந்த முளையைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. முதலில் 'டெர்மினஸ்' என்றே அழைத்தார்கள். 1843-இல் முன்னாள் ஆளுநர் லம்ப்கினின் மகள் மார்த்தாவின் பெயரால் மார்த்தாஸ்வில் ஆகி, 1845-இல் அட்லாண்டா ஆனது.

இருப்புப்பாதைகளும் பீச்ட்ரீ தெருவும் மேட்டு முகடுகளைப் பின்பற்றிச் செல்கின்றன. அதனால்தான் நகர மையத்தின் தெருக்கள் கட்டம் கட்டமாக இல்லாமல் கோணல்மாணலாகச் சந்திக்கின்றன. பிறகு அண்டர்கிரவுண்ட் அட்லாண்டாவின் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். ரயில்களால் தெருப் போக்குவரத்து தடைபட்டதால் 1920களில் தண்டவாளங்களுக்கு மேலே பாலங்கள் கட்டித் தெருக்களையே ஒரு மாடி உயர்த்தினார்கள். பழைய கடைகளின் முகப்புகள் கீழே தங்கிவிட்டன. அங்கே எத்தனை கடைகள் நடக்கின்றன என்பது நமக்கு முக்கியமில்லை. நகரத்தின் உண்மையான தரைமட்டம் அது என்பதை உணர வைப்பதற்காகவே அங்கே இறங்கச் சொல்கிறேன்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, 1864-ஐ மட்டும் பேசிவிட்டு நகர்வது. உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மனின் படை அந்த நவம்பரில் நகரை எரித்துவிட்டுச் சென்றது உண்மை. எரிக்கக் காரணமும் இந்தத் தண்டவாளங்களே: தென்மாநிலப் படைகளுக்கான உணவும் ஆயுதமும் இந்தச் சந்திப்பின் வழியாகத்தான் போயின. நகர முத்திரையில் உள்ள ஃபீனிக்ஸ் பறவையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் இந்த நகரம் இன்று இருக்கும் வடிவத்தைத் தீர்மானித்த ஆண்டு 1906. அடுத்த படி அதற்கானது.

3. கிரேடி சிலையின் முன் சிறிது நேரம் நிற்பது

ஃபைவ் பாயின்ட்ஸிலிருந்து சில நிமிட நடையில், மேரியெட்டா தெருவின் நடுவே ஹென்றி கிரேடியின் சிலை நிற்கிறது; 1891-இல் வைக்கப்பட்டது. பத்திரிகை ஆசிரியரான அவர் 'புதிய தெற்கு' என்ற முழக்கத்தோடு வடக்கின் முதலீட்டை அழைத்தவர். வெள்ளையரின் மேலாதிக்கம் நீடிக்க வேண்டும் என்பதையும் மறைக்காமல் பேசியவர்.

1906-இல் ஆளுநர் பதவிக்கு மோதிய ஹோக் ஸ்மித், கிளார்க் ஹாவெல் ஆகிய இருவருமே பத்திரிகைத் தொடர்பு உள்ளவர்கள். அந்தக் கோடையில் நகரப் பத்திரிகைகள், கறுப்பின ஆண்கள் வெள்ளைப் பெண்களைத் தாக்கியதாக ஆதாரமில்லாத செய்திகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தன. செப்டம்பர் 22 அன்று இரவு, ஆயிரக்கணக்கான வெள்ளையர் கொண்ட கும்பல் இந்தத் தெருக்களில் இறங்கியது. குறைந்தது 25 கறுப்பினத்தவர் கொல்லப்பட்டனர். கொல்லப்பட்டவர்களின் உடல்களைக் கும்பல் கொண்டுவந்து போட்டது இந்தச் சிலையின் காலடியில்தான்.

வண்டிகள் இரு பக்கமும் விரைந்துகொண்டிருக்கும். பலருக்கு இது போக்குவரத்துத் தீவில் நிற்கும் இன்னொரு சிலை மட்டுமே. அவசரப்படாமல் நில்லுங்கள். இந்த வன்முறைக்குப் பின் கறுப்பின வணிகர்கள் நகர மையத்தை விட்டுக் கிழக்கே, ஆபர்ன் அவென்யூவில் நெருங்கிக் குடியேறினார்கள். என் பெரியப்பாவின் கேள்விக்கு விடை தொடங்கும் இடம் இதுவே.

4. ஓக்லாண்ட் கல்லறைத் தோட்டம்: வெற்றுப் புல்வெளியைப் படிப்பது

ரயிலில் கிங் மெமோரியல் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். 1850-இல் ஆறு ஏக்கரில் தொடங்கி இன்று 48 ஏக்கராக விரிந்த தோட்டம் இது. மார்த்தா லம்ப்கின், நகரின் முதல் கறுப்பின மேயர் மேனார்ட் ஜாக்சன், தென்மாநிலப் படையின் ஆயிரக்கணக்கான வீரர்கள் என எல்லோரும் இங்கேதான் இருக்கிறார்கள். நிழலும் அமைதியும் உள்ள இடம் என்பதால், முதல் நாளை இங்கே முடிப்பது வயதானவர்களுக்கும் வசதி.

புகழ்பெற்றவர்களின் கல்லறைகளை மட்டும் தேடி ஓடுவது இங்கே நடக்கும் தவறு. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கான பகுதிக்குப் போய், கற்களுக்கு இடையே உள்ள காலி இடங்களைக் கவனியுங்கள். அவை காலி அல்ல. 12,000-க்கும் மேற்பட்டோர் அந்தப் பகுதியில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். மரப்பலகை, செடி, சிப்பி என்று வைத்த அடையாளங்கள் மக்கிப்போயின. அதற்கும் முன்பு, அடிமைகளாக இறந்தவர்களுக்குத் தனியாக ஒரு சதுரம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1877-இல் நகர மன்றம் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து வேறிடத்தில் புதைத்துவிட்டு, அந்த நிலத்தை வெள்ளையர்களுக்கு விற்றது. இறந்த பின்னும் இடம் மாற்றப்பட்டவர்கள் இவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு நேர்ந்த இடமாற்றத்தை மறுநாள் பார்ப்பீர்கள்.

கேரி ஸ்டீல் லோகனின் கல்லைத் தவறவிடாதீர்கள். அடிமையாகப் பிறந்து, ரயில் நிலையத்தில் பணிப்பெண்ணாக வேலை பார்த்து, அங்கே கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்க்கத் தொடங்கி, 1888-இல் ஓர் அனாதை இல்லமே நிறுவியவர். 'அனாதைகளின் தாய்' என்று அந்தக் கல்லில் பொறித்திருக்கிறது. இருப்புப்பாதையில் தொடங்கிய உங்கள் முதல் நாள், அதே நிலையத்தில் விடப்பட்ட குழந்தைகளின் தாயிடம் வந்து முடிகிறது.

5. இரண்டாம் நாள்: ஆபர்ன் அவென்யூவை மேற்கிலிருந்து கிழக்காக நடப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால், இதைப் பின்பற்றுங்கள். கிழக்கே உள்ள பார்வையாளர் மையத்தில் காரை நிறுத்தி அங்கிருந்து தொடங்குவது எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் தெருவின் வணிகப் பகுதியை முழுவதுமாக இழந்துவிடுவீர்கள். பீச்ட்ரீ தெருவில் தொடங்கி, 1906-க்குப் பின் மக்கள் நகர்ந்த அதே திசையில் கிழக்கே நடங்கள்.

முதலில் அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடங்கள் வரும். அடிமையாகப் பிறந்த அலோன்சோ ஹெர்ன்டன், பீச்ட்ரீ தெருவில் வெள்ளையருக்கு முடிதிருத்தும் கடை வைத்துப் பொருளீட்டி, 1905-இல் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மறு ஆண்டு கலவரத்தில் அவருடைய கடையும் தாக்கப்பட்டது. வெள்ளையர் நடத்திய நிறுவனங்கள் கறுப்பின மக்களுக்குக் காப்பீடு தர மறுத்த காலத்தில், ஈமச்சடங்குச் செலவுக்காவது பணம் வரும் என்ற உறுதியை அவர்களுக்குத் தந்த நிறுவனம் இது. இந்தத் தெருவின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். அடுத்து 1912-இல் எழுந்த, ஆட் ஃபெலோஸ் என்ற சகோதர சங்கத்தின் கட்டட முகப்பில், மேலே உள்ள சுடுமண் முகங்களை அண்ணாந்து பாருங்கள். அவை கறுப்பின முகங்கள்.

பிறகு ஒரு நிமிடம் தெற்கே திரும்பி, பழைய பட்லர் தெரு ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தைப் பாருங்கள். 1948-இல் நகரம் முதன்முதலாக எட்டுக் கறுப்பினக் காவலர்களை நியமித்தபோது, அவர்களைக் காவல் நிலையத்துக்குள் அனுமதிக்கவில்லை. இந்தக் கட்டடத்தில்தான் அவர்கள் உடை மாற்றிப் பணியைத் தொடங்கினார்கள். வெள்ளையரைக் கைது செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அந்த நியமனமே பெரிய வெற்றி. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வெள்ளையர் மட்டும் வாக்களிக்கும் முதல்நிலைத் தேர்தல் முறை 1946-இல் ஜார்ஜியாவில் நீதிமன்றத்தால் ஒழிந்த பிறகு, இந்தத் தெருவின் தலைவர்கள் வீடு வீடாகப் போய் வாக்காளர்களைப் பதிவு செய்ததன் பலன் அது. அவர்களில் முன்னின்றவர் ஜான் வெஸ்லி டாப்ஸ். 'இனிய ஆபர்ன்' என்ற பெயரும் அவர் தந்ததே.

அவருடைய முகச் சிற்பம் விரைவுச்சாலைக்கு அருகே இருக்கிறது. பெரும்பாலோர் முன்பக்கம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பின்பக்கம் போங்கள்: அது உள்ளீடற்ற முகம். உள்ளே நின்று அவருடைய கண்துளைகள் வழியாகத் தெருவைப் பார்க்கலாம். பள்ளி செல்லும் என் மகள் இன்றுவரை ஆபர்னில் மறக்காமல் நினைவு வைத்திருப்பது இந்த இடத்தையே. நகரப் பொதுப்பள்ளிகளில் கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக வெள்ளையருடன் சேர்ந்து அமர்ந்த 1961 ஆகஸ்ட் 30 அன்றுதான் டாப்ஸ் இறந்தார். மேயர் மேனார்ட் ஜாக்சன் அவருடைய பேரன்.

இப்போது விரைவுச்சாலைக்குக் கீழே வந்துவிட்டீர்கள். தலைக்கு மேலே வண்டிகளின் இரைச்சல், பேசினால் கேட்காது. இங்கேதான் சான்பார்ன் வரைபடத்தை எடுக்க வேண்டும். தூண்கள் நிற்கும் இடத்தில் வரிசையாக வீடுகளும் கடைகளும் இருப்பதைப் பார்ப்பீர்கள். 1950களிலும் 1960களிலும் கட்டப்பட்ட இந்தச் சாலை தெருவை இரண்டாக வெட்டியது. நேரடி வன்முறை அழிக்க முடியாததைச் சாலைத் திட்டம் அழித்தது என்பது என் கருத்து. இதை நின்று பார்க்காதவர்கள், ஆபர்ன் ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறது, மக்கள் அக்கறை இல்லாமல் விட்டுவிட்டார்களா என்று தவறாகக் கேட்கிறார்கள்.

அதற்குக் கிழக்கே எல்லாம் விரைவாகப் புரியும். பிரின்ஸ் ஹால் மேசன் கட்டடத்தில்தான் கிங் தலைமை தாங்கிய தெற்குக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பின் அலுவலகமும், 1949-இல் ஜெஸ்ஸி பிளேட்டன் வாங்கி நடத்திய, நாட்டிலேயே கறுப்பினத்தவருக்குச் சொந்தமான முதல் வானொலி நிலையமும் இருந்தன. பிறகு எபனேசர் தேவாலயம், நீரால் சூழப்பட்ட கிங்கின் சமாதி, கடைசியாக 501-ஆம் எண் வீடு. காப்பீடு, வணிகம், தேவாலயம் எல்லாம் ஒரு நடைக்குள் அமைந்த தெருவில் 1929 ஜனவரி 15 அன்று அந்தக் குழந்தை பிறந்தது. இந்த வரிசையில் வந்தவர்களுக்கு அந்த வாசலில் நான் எதையும் விளக்க வேண்டியிருந்ததில்லை.

பார்வையாளர் மையத்துக்கு வெளியே காந்தி சிலை நிற்கிறது. இது சம்பிரதாயமான அன்பளிப்பு என்று கடந்துவிட வேண்டாம். கிங் படித்த மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவராக ஆகவிருந்த பெஞ்சமின் மேஸ் 1936-37-இல் இந்தியா சென்று காந்தியைச் சந்தித்துப் பேசியவர். கிங் 1959-இல் இந்தியா சென்றபோது, அவருடைய ஆசிரியர் போட்ட தடத்தில்தான் சென்றார்.

6. மூன்றாம் நாள்: மேற்குப் பக்கக் கல்லூரிகள்

ஆபர்னுக்குப் பிறகு இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. பணமும் தேவாலயமும் கிழக்கே இருந்தன என்றால், வாதங்கள் பிறந்தது இங்கே. வைன் சிட்டி நிலையத்தில் இறங்கி, ஹெர்ன்டன் 1910-இல் கட்டிய வீட்டை முதலில் பாருங்கள். உள்ளே பார்க்க முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. முடிதிருத்தும் நாற்காலியிலிருந்து இந்தத் தூண்கள் வரை வந்த வாழ்க்கையை வரவேற்பறைச் சுவரின் மேல்பட்டையில் ஓவியமாகத் தீட்டச் செய்திருக்கிறார்.

1895-இல், இன்றைய பீட்மான்ட் பூங்காவில் நடந்த பருத்திப் பொருட்காட்சியில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், கறுப்பின மக்கள் சமூகச் சமத்துவத்தை இப்போது கோராமல் தொழிலில் முன்னேற வேண்டும் என்று பேசினார். இரண்டு ஆண்டுகளில் அட்லாண்டா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்த டுபாய்ஸ் அந்தப் பாதையை எதிர்த்து எழுதினார். இரண்டு தரப்பையும் படித்துவிட்டு இந்த வளாகத்தில் நடந்தால், 1960 மார்ச் 9 அன்று மாணவர்கள் நகரப் பத்திரிகைகளில் வெளியிட்ட மனித உரிமை வேண்டுகோளும், அதற்கு ஆறு நாள் கழித்து அவர்கள் உணவகங்களில் உட்கார்ந்து நடத்திய போராட்டமும் எந்த வாதத்தின் தொடர்ச்சி என்பது விளங்கும். இவை இயங்கும் கல்லூரிகள். வகுப்பு நடக்கும் நேரத்தில் கூட்டமாக உள்ளே போவதும் மாணவர்களைப் படம் எடுப்பதும் கூடாது.

7. நான்காம் நாள்: பெயர் மாறும் தெருக்களும் ஒரு சுவரும்

இதற்குக் கார் தேவை. மன்ரோ டிரைவில் தெற்கே வாருங்கள். பான்ஸ் டி லியோன் அவென்யூவைக் கடந்ததும், திரும்பாமல் அதே சாலையில் போகும்போதே பெயர்ப்பலகை 'பூலிவார்ட்' என்று மாறும். கிழக்கே பிரையர்கிளிஃப் சாலை இதேபோல அதே இடத்தில் மோர்லாண்ட் அவென்யூ ஆகிவிடும். வடக்கே வசித்த வெள்ளையர்கள், கறுப்பின மக்கள் வாழும் தெருவின் பெயர் தங்கள் முகவரியில் இருப்பதை விரும்பவில்லை. வழிகாட்டும் செயலியை நம்பி ஓட்டுபவர்களுக்கு இது வெறும் குழப்பமாகவே தெரியும். பலகையைப் படிப்பதற்காகவே ஒருவரை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

பிறகு தென்மேற்கே பேட்டன் சாலைக்குப் போங்கள். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அமைதியான குடியிருப்புச் சாலை. 1962 டிசம்பரில், ஒரு கறுப்பின மருத்துவர் அப்பகுதியில் வீடு வாங்க முயன்றதையடுத்து, மேயர் ஐவன் ஆலனின் ஆட்சியில் நகரமே இந்தச் சாலையின் குறுக்கே தடுப்புச் சுவர் எழுப்பியது. செய்தி நாடெங்கும் பரவியது. 1963 மார்ச் 1 அன்று நீதிமன்றம் அதைச் செல்லாது என்றதும் அகற்றினார்கள். இதே ஆலன்தான் அதே ஆண்டு வாஷிங்டன் சென்று, பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்துக்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நேரம் இருந்தால் பக்ஹெட்டில் உள்ள அட்லாண்டா வரலாற்று மையத்தில், 1864 அட்லாண்டா போரைச் சுற்றுச்சுவர் போல வட்டமாகக் காட்டும் சைக்ளோரமா ஓவியத்தைப் பாருங்கள். சுமார் 15 மீட்டர் உயரமும் 113 மீட்டர் சுற்றளவும் கொண்டது. 1886-இல் வடக்குப் படையின் வெற்றியாக வரையப்பட்ட இதே ஓவியம், 1892-இல் இங்கு வந்தபோது தெற்கின் வெற்றி என்று விளம்பரம் செய்யப்பட்டது. இதைக் கடைசியில் வைக்கக் காரணம், நகரத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்த விளம்பரத்தின் பொருள் தெரியும்.

8. வீடு திரும்பும் வழியில் ஃபோர்சைத் வட்டம்

நம்மவர்களில் பல குடும்பங்கள் ஃபோர்சைத் வட்டத்தின் கம்மிங்கிலும் அதைச் சுற்றியும் வசிக்கின்றன. நல்ல பள்ளிகள், புதிய வீடுகள். வரலாறு நகரத்தில் இருக்கிறது, இங்கே இல்லை என்ற எண்ணத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். 1912-இல் இந்த வட்டத்தில் வாழ்ந்த ஏறத்தாழ 1,100 கறுப்பினத்தவர், சில வாரங்களில் வெள்ளைக் கும்பல்களால் விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய தேவாலயங்கள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் கறுப்பினத்தவர் யாரும் இங்கே குடியிருக்க முடியவில்லை. 1987 ஜனவரியில், கிங்குடன் பணியாற்றிய ஹோசியா வில்லியம்ஸ் தலைமையில் வந்த சிறிய ஊர்வலத்தின் மீது கல்லெறிந்தார்கள். மறு வாரம் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள்.

1912-இல் கும்பலால் கொல்லப்பட்ட ராப் எட்வர்ட்ஸின் நினைவாகக் கம்மிங் ஊரின் நடுவே இப்போது ஒரு பலகை இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேருங்கள். எழுத்துகள் சிறியவை, இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். குழந்தைகள் உடன் இருந்தால் அவர்களையே உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.